அந்தப் பறவைக்கு வெறியும் பிடிக்கலீங்க, அது கௌதாரியும் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கங்க.

நான் தாராபுரம் பக்கத்துக்காரி, இங்கிலாந்துல லீட்ஸ்ல 14 வருசமா நர்ஸா இருக்கேன், உங்க பேப்பர நெட்ல தான் படிக்கிறேன், அதுலயும் ஞாயித்துக்கிழமை இணைப்புன்னா ஒரு வரி விடமாட்டேன். போன வாரம் அதுல கடைசிப் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி, “காரைத் துரத்தும் வெறிபிடித்த கௌதாரி”ன்னு தலைப்பு, இங்கிலாந்து ரோட்டோரத்துல ஒரு பறவை கார் டயர கொத்துற மாதிரி போட்டோ, கீழ “மூளை பாதிக்கப்பட்ட இந்தப் பறவை மனிதர்களையும் தாக்குகிறது”ன்னு ரெண்டு வரி. படிச்சிட்டு சிரிச்சிட்டு விட்டிருப்பேன், ஆனா அந்தப் பறவைய எனக்கு நேர்லயே தெரியும், கொத்தும் வாங்கியிருக்கேன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்துட்டேன், இடம் இல்லேன்னா பாதிய வெட்டிக்கோங்க.

முதல்ல பேரு. போட்டோவுல இருக்குறது ரெட் கிரவுஸ். கௌதாரி இல்ல. கோழிக் குடும்பம்னு பெருசா பாத்தா ஏதோ தூரத்து சொந்தம், அவ்ளோதான். உங்க ஆபீஸ்ல யாரோ டிக்‌ஷனரில கிரவுஸ்னு தேடி, அதுல சேண்ட்கிரவுஸுக்கு கல்கௌதாரின்னு இருந்தத பாத்து, கல்ல வெட்டிட்டு கௌதாரிய மட்டும் போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். அந்த கல்கௌதாரியே நெசமான கிரவுஸ் கிடையாது, அது புறாவுக்கு கிட்ட வர்ற ஜாதி, பேர்ல மட்டும் தான் கிரவுஸ் ஒட்டிட்டு இருக்கு. நெசமான கிரவுஸ் ஜாதி ஒன்னுகூட நம்ம இந்தியாவுல இல்ல, அதனால தமிழ்ல அதுக்கு பேரும் இல்ல, இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீல ஃபேமஸ் கிரவுஸ்னு ஒரு ஸ்காட்ச் பாட்டில் இருக்குமே, அந்த லேபிள்ல நிக்குறது சாட்சாத் இந்தப் பறவை தான், உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குமா அது கண்ணுல படல!

எங்களுக்கு நடந்தத சொல்றேன். ரெண்டு வருசம் முன்னாடி அக்டோபர் மாசம், எங்க வீட்டுக்காரர், நான், எங்க பொண்ணு (அப்ப அவளுக்கு 10 வயசு) மூணு பேரும் பேட்லி பிரிட்ஜ் தாண்டி கிரீன்ஹவ் பக்கம் மேட்டு ரோட்டுல போயிட்டு இருந்தோம். அந்தப் பக்கமெல்லாம் மூர்னு சொல்லுவாங்க, மரமே இல்லாத மேட்டு நிலம், கீழ பூரா பீட்னு கருகருன்னு ஈர மண்ணு, மேல முழங்கால் உசரத்துக்கு ஹெதர் செடி, ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா மலை முழுக்க ஊதாவா பூத்துக்கிடக்கும், குறிஞ்சி பூத்த மாதிரி, என்ன, இங்க வருசா வருசம் பூக்கும். அக்டோபர்ல பூ காஞ்சு மலையே துரு பிடிச்ச கலர்ல இருந்துச்சு. டீ குடிக்கலாம்னு ஒரு வளைவுல வண்டிய ஓரங்கட்டி ஃப்ளாஸ்க்க திறந்தோம், திறந்து ரெண்டு நிமிசம் இருக்காது, செடிக்குள்ள இருந்து யாரோ தொண்டையில கரகரன்னு கத்துற சத்தம், “கோபேக் கோபேக் கோபேக்”னு, இங்கிலீஷ்ல திரும்பிப் போ திரும்பிப் போன்னு சொல்ற மாதிரியே. வெள்ளைக்காரன் ஊர்ல பறவை கூட நம்மள திரும்பிப் போங்குதேன்னு வீட்டுக்காரர் சிரிச்சாரு பாருங்க, அடுத்த நொடி அது ரோட்டுக்கு வந்து நேரா அவரு ஷூவ கொத்த ஆரம்பிச்சிருச்சு.

ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு கொஞ்சம் வளந்த சைஸ் தான் இருக்கும், அரைக் கிலோவுக்கு கொஞ்சம் மேல, ஆனா நெஞ்ச தூக்கிட்டு வாலை விரிச்சிட்டு நின்ன தோரணைய பாக்கணுமே. பொண்ணு பயந்து கார்ல ஏறிட்டா, அது விடாம கார சுத்தி சுத்தி வந்து டயர ரெண்டு கொத்து, நான் காலால லேசா தள்ளினதுக்கு எனக்கு கெண்டைக்கால்ல ஒரு கொத்து. வண்டிய எடுத்து மெதுவா நகந்தா பின்னாலயே ஓடி வருது. கொஞ்ச தூரம் வந்துட்டு ஒரு கல்லு மேல ஏறி நின்னு மறுபடி கோபேக் கோபேக். நானும் அன்னிக்கு உங்க பேப்பர் மாதிரியே தான் நினைச்சேன், இதுக்கு வெறி பிடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயி ரேபிஸ் ஊசி போட்டுக்கலாமான்னு. நர்ஸா இருந்துக்கிட்டு அப்படி நினைச்சதுக்கு இப்ப வெக்கமா இருக்கு, ரேபிஸ் பாலூட்டிங்களோட நோயி, கோழி ஜாதிகிட்ட இருந்து நமக்கு ஒட்டுற கதையே இல்ல.

கீழ கிராமத்துல டீக்கடை மாதிரி ஒரு கஃபேல ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, சின்ன வயசுல வேட்டைக்காரங்களுக்கு முன்னாடி கொடி ஆட்டிட்டே நடந்து பறவைய கிளப்பி விடுற வேலை பாத்தவராம், நாங்க சொன்னத கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, “நீங்க அவன் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தியிருக்கீங்கம்மா”ன்னாரு. அன்னைக்கு அவரு சொன்னதும், அதுக்கப்புறம் நானா தேடித்தேடி படிச்சதும் தான் இனி எழுதப்போறது.

அந்த ஆம்பள கிரவுஸ் இலையுதிர் காலத்துலயே, அதாவது செப்டம்பர் அக்டோபர்லயே, இந்த மேடு என்னுது, இந்தக் கல்லு வரைக்கும் என்னுதுன்னு இடம் பிடிச்சிரும். குஞ்சு பொரிக்கிறது என்னமோ அடுத்த வருசம் தான், ஆனா இடம் இப்பவே வேணும். ஏன்னா இடம் கிடைக்காத பறவை பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்த தாண்டாது, ஓரஞ்சாரத்துல அலைஞ்சு மெலிஞ்சு நரிக்கோ பருந்துக்கோ போயிரும். அப்ப அது சும்மா வீம்புக்கு கத்தல, உசுருக்கு கத்துது. விடியக்காலையில அது செடிக்குள்ள இருந்து செங்குத்தா மேல எழும்பி, றெக்கைய படபடன்னு அடிச்சிட்டே சத்தம் போட்டுட்டு கீழ எறங்கும், எறங்கினதும் அந்த கோபேக், இதுதான் அக்கம்பக்கத்துக்கு அது குடுக்குற நோட்டீஸ். பக்கத்து இடத்துக்காரன் எல்லைக்கு வந்தா ரெண்டும் எல்லையோரமா சேந்தாப்ல நடக்கும், முறைச்சுக்கும், பெரும்பாலும் அதோட சரி, அடிதடி கம்மி தான். எங்க ஊர்ல வரப்பு தகராறுக்கு ரெண்டு பக்கமும் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிப்பாங்களே அந்த மாதிரி.

இதுல சில ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆம்பள ஹார்மோன் எக்கச்சக்கமா ஏறிரும், ஏறுனா ஆளு, நாய், சைக்கிள், கார் எல்லாமே அதுக்கு இன்னொரு கிரவுஸ் தான். உங்க போட்டோவுல இருக்குறதும், எங்க வீட்டுக்காரர் ஷூவ கொத்துனதும் இந்த ரகம். மூளை கெடல, நோயி கிடையாது. இன்னும் சொல்லப்போனா நோயி பிடிச்ச கிரவுஸ் இப்படி நெஞ்ச நிமித்திட்டு வராது, றெக்கை தொங்கி, காலுல முடி கொட்டி, ஒரு ஓரமா ஒடுங்கிக் கிடக்கும்.

எங்க அப்பாரு கௌதாரி வளத்தாரு, கூண்டுல. அந்தக் காலத்துல எங்கூரு பக்கம் நிறைய பேரு வளத்தாங்க, இப்ப சட்டப்படி தப்பு, பிடிக்கவும் கூடாது வளக்கவும் கூடாது. அவரு கூண்ட கொண்டு போயி கிலுவ வேலியோரம் வச்சிட்டு தள்ளி உக்காந்துக்குவாரு, உள்ள இருக்குற கௌதாரி கத்தும், அத கேட்டு அந்தக் காட்டுக்கு சொந்தக்காரனான கௌதாரி எவன்டா அவன் என் இடத்துலன்னு சண்டைக்கு ஓடி வந்து கண்ணியில மாட்டிக்கும். கிரீன்ஹவ்ல அந்தப் பெரியவர் வீட்டு வாசல்னு சொன்னப்ப எனக்கு சட்டுனு அந்தக் கூண்டு தான் ஞாபகம் வந்துச்சு. குணம் ஒன்னா இருக்கலாங்க, அதுக்காக ஆளு ஒன்னாயிருமா?

ஆளு வேறன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, எனக்கு தெரிஞ்சத சொல்றேன், நான் பறவை ஆராய்ச்சிக்காரி இல்ல. முதல்ல கால பாருங்க. கௌதாரிக்கு கோழி மாதிரி வெறுங்காலு, ஆம்பளைக்கு முள்ளும் இருக்கும். கிரவுஸுக்கு காலு, விரல் எல்லாம் வெள்ளை முடி போத்தி சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், பனியில நடக்குறதுக்கு, அதோட அறிவியல் பேர்ல வர்ற லகோபஸ்ங்குற கிரேக்க வார்த்தைக்கே முயல் காலுன்னு தான் அர்த்தம். உங்க போட்டோவுலயே அந்த சாக்ஸ் பளிச்சுன்னு தெரியுதுங்க. அப்புறம் கண்ணுக்கு மேல செக்கச்செவேல்னு ஒரு சதை, புருவம் மாதிரி, ஆம்பளைக்கு சண்டை நேரத்துல அது இன்னும் பெருசா எழும்பி நிக்கும், பொம்பளைக்கு சின்னதா இருக்கும். ஒடம்பு கருஞ்செம்பு நிறம், வால் கருப்பு. பொட்டை கொஞ்சம் வெளிறி மஞ்சளோடி வரிவரியா இருக்கும், செடிக்குள்ள அது முட்டை மேல உக்காந்துட்டா மிதிக்கிற வரைக்கும் தெரியாது.

பறக்குறதும் தனி தினுசு. காலடியில இருந்து திடீர்னு வெடிச்ச மாதிரி கிளம்பி படபடன்னு அடிச்சு, அப்புறம் றெக்கைய வில்லு மாதிரி கீழ வளைச்சு வச்சிட்டு செடிக்கு மேலாக்க வழுக்கிட்டுப் போகும், மறுபடி படபட, மறுபடி வழுக்கல். ராத்திரி கௌதாரி முள்ளு மரத்துல ஏறி தூங்கும், இது தரையிலயே. பனி கொட்டுனா பனிய நோண்டி உள்ள படுத்துக்கும்.

இங்கயே இதோட சொந்தக்காரங்க சிலதும் உண்டு, அதையும் இதையும் குழப்பிக்கிறாங்க. டார்மிகன்னு ஒன்னு ஸ்காட்லாந்து மலை உச்சியில இருக்கு, குளிர்காலத்துல வெள்ளையாயிரும், நம்மாளு வருசம் பூரா ஒரே செம்பு தான். பிளாக் கிரவுஸ் ஆம்பள நீலங்கருப்பு, வாலு ரெண்டு பக்கமும் வளைஞ்சு யாழ் மாதிரி. கேப்பர்கெய்லி வான்கோழி சைஸுக்கு பைன் காட்டுல, அத நான் இன்னும் பாக்கல.

சாப்பாடு தான் எனக்கு பெரிய ஆச்சரியம். பெரிய பறவை வருசத்துல பெரும்பகுதி அந்த ஹெதர் கொழுந்தையே தான் தின்னுது, ஆடு கூட யோசிக்கிற விறகு மாதிரி செடி அது. அத அரைக்கிறதுக்கு சின்னச்சின்ன கூழாங்கல்ல முழுங்கி வச்சிக்கும், செரிக்கிறதுக்கு குடல்ல ரெண்டு நீளமான பை வேற. குஞ்சுங்களால மட்டும் அது முடியாது, அதுங்களுக்கு முதல் சில வாரம் பூச்சி வேணும், முக்கியமா ஈரமான பீட் மண்ணுல இருந்து கிளம்புற நீளக்கால் ஈ. மண்ணு காஞ்சுபோன வருசம் குஞ்சு தேறாது. குஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ளயே பறக்கப் பழகிரும், அதுவரைக்கும் நம்ம கிட்ட போனா தாய் றெக்கை உடைஞ்ச மாதிரி நடிச்சு தரையில பொரண்டு நம்மள வேற பக்கம் இழுத்துட்டுப் போகும், அதையும் பாத்தவங்க அடிபட்ட பறவைன்னு தூக்கப் போவாங்க, தயவுசெஞ்சு அப்படி செஞ்சிறாதீங்கன்னு இங்க இருக்குற நம்ம ஆளுங்களுக்கு சொல்லிக்கிறேன்.

இன்னொன்னு, இது கொஞ்சம் நீளும். கிரவுஸோட எண்ணிக்கை சில வருசம் ஏறி ஏறி உச்சிக்குப் போயி தடால்னு விழுந்துரும், நாலுல இருந்து எட்டு வருசத்துக்கு ஒருக்கா பல இடத்துல இப்படி நடக்குது. 100 வருசத்துக்கு முன்னாடியே இதுக்கு ஒரு விசாரணைக் கமிட்டி போட்டாங்க, 1911ல அறிக்கை வந்துச்சு, அதுக்காக ரெண்டாயிரத்துக்கு பக்கமான கிரவுஸ அறுத்துப் பாத்தவரு எட்வர்ட் வில்சன்னு ஒரு டாக்டர், அதே ஆளு தான் அப்புறம் கேப்டன் ஸ்காட்டோட தென் துருவத்துக்குப் போயி 1912ல பனியில செத்துப்போனாரு. அவங்க கண்டது குடல்ல இருக்குற ஒரு நூல்புழு. கூட்டம் அதிகமானா புழுவும் அதிகமாகும், முட்டை வைக்கிற பொட்டை மெலியும், கூட்டம் சரியும். புழு ஏறுன பொட்டை அடைகாக்குறப்ப அதோட வாடைய மறைக்க முடியாம போயி நாய்க்கும் நரிக்கும் சுலபமா அம்பிடுதுன்னு கூட கண்டுபிடிச்சிருக்காங்க. பறவைய பிடிச்சு புழு மருந்து குடுத்துப் பாத்தாங்க, சரிவு குறைஞ்சிருச்சு, 1998ல அது பெருசா வெளியாச்சு. இப்ப மூர்ல அங்கங்க சின்ன டப்பாவுல கூழாங்கல் வச்சிருப்பாங்க, மருந்து தடவின கல்லு அது, எங்க பொண்ணு அத பொறுக்கிட்டு வந்து நான் திட்டி திருப்பி வைக்கச் சொன்னேன்.

ஆனா புழு மட்டும் இல்ல, அந்த சண்டைக்குணமும் ஒரு காரணம்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. அப்பன் இடத்துக்கு பக்கத்துலயே மகன் இடம் பிடிக்குமாம், பங்காளிங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்து நெருக்கி உக்காருவாங்க, எண்ணிக்கை ஏறும், ஒரு கட்டத்துல இடம் பத்தாம பங்காளிச் சண்டை மூண்டு, புதுசா வர்ற குஞ்சுக்கு இடமே கிடைக்காம போயிரும். இத சோதிக்க இலையுதிர் காலத்துல வயசான ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வச்சுப் பாத்திருக்காங்க, அந்த இடத்துல எல்லாம் எண்ணிக்கை குறைஞ்சிருச்சு, 2003ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு. உங்க பெட்டிச் செய்தியில மூளை பாதிப்புன்னு ரெண்டே வார்த்தையில முடிச்ச விசயத்துக்குப் பின்னால இவ்ளோ பேரு இவ்ளோ வருசம் குளிர்ல நின்னு எண்ணிட்டு இருந்திருக்காங்க, அது தான் என் ஆதங்கம்.

இத்தன ஆராய்ச்சியும் பறவை மேல பாசத்துல நடந்துச்சான்னா, இல்ல, சுடுறதுக்கு தான். ஆகஸ்ட் 12ல இருந்து டிசம்பர் 10 வரைக்கும் சீசன், பெரிய பணக்காரங்க விளையாட்டு. கிரவுஸ பண்ணையில வளத்து விடுறது நடைமுறையில இல்ல, காட்டுல தானா பெருகுனா தான் உண்டு, அதனால மூர் முழுக்க அதுக்காகவே நடத்துறாங்க, ஹெதர பட்டை பட்டையா கொளுத்தி கொழுந்து வர வைக்கிறது, நரி காக்காய கொல்றது எல்லாம். எங்களுக்கு பக்கத்துலயே பிளப்பர்ஹவுசஸ்னு ஒரு மூர், 1888ல வால்சிங்ஹாம் பிரபு ஒத்த ஆளா ஒரே நாள்ல 1070 கிரவுஸ சுட்டாரு. ஆயிரத்தி எழுவது! ஹென் ஹாரியர்னு நம்ம பூனைப்பருந்து ஜாதி ஒன்னு கிரவுஸ் குஞ்ச தூக்குதுன்னு அத திருட்டுத்தனமா கொல்றது இன்னும் நடக்குது, சட்டம் கடுமையா இருந்தும். என்னால இத ஏத்துக்க முடியல. அதே சமயம் இந்த வேட்டைய நம்பி வாழ்றவங்க அந்தக் கிராமங்கள்ல இருக்காங்க, அந்தப் பெரியவர்கிட்ட நான் இதப் பத்தி வாயத் திறக்கவே இல்ல. இல்க்லி மூர்ல 2018லயே வேட்டைய நிறுத்திட்டாங்க, அங்க நடந்தா இப்பவும் கோபேக் கேக்குது.

கின்னஸ் புக்கு பொறந்ததுலயும் இந்தப் பறவைக்கு பங்கு உண்டுங்க, அத மட்டும் சொல்லிர்றேன். 1951ல அயர்லாந்துல வேட்டைக்குப் போன கின்னஸ் பீர் கம்பெனி மேனேஜிங் டைரக்டர் ஹ்யூ பீவர், கோல்டன் ப்ளவர்னு ஒரு பறவைய சுட்டு குறி தப்பி, வேட்டையில சுடுற பறவைங்கள்ல ஐரோப்பாவுலயே வேகமானது அதுவா இல்ல கிரவுஸான்னு வாக்குவாதம் ஆகி, எந்தப் புக்குலயும் பதில் கிடைக்காம தான் அப்படி ஒரு புக்கு போடணும்னே யோசனை வந்து 1955ல முதல் புக்கு வந்துச்சு. உங்க இணைப்புல வாரா வாரம் கின்னஸ் சாதனைன்னு ஒரு மூலை இருக்குல்ல, அதுக்காவது அந்தப் பறவைக்கு பேரு சரியா போடுற கடமை இருக்கு.

நான் கேக்குறது சின்னது தான். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில திருத்தம் போடுங்க, கௌதாரி இல்ல ரெட் கிரவுஸ்னு. செங்கௌதாரி, மூர்க்கோழின்னு புதுசா எதுவும் உண்டாக்க வேண்டாம், மூர்க்கோழின்னா மூர்க்கமான கோழின்னு படிச்சு மறுபடி வெறின்னு தான் ஆரம்பிப்பாங்க. அந்த “மூளை பாதிக்கப்பட்ட”ங்குறதையும் எடுத்துருங்க, தன் இடத்த காக்குற ஆம்பளப் பறவைன்னு போட்டாப் போதும்.

போன மார்ச்ல நாங்க மறுபடி அந்த ரோட்டுல போனோம். அதே வளைவு, அதே கல்லு, மேல ஒருத்தன் நின்னான், அவன்தானா அவன் மகனான்னு எனக்கு எப்படி தெரியும், ஆனா இந்த தடவ பத்தடி தள்ளி செடிக்குள்ள வெளிறின நிறத்துல ஒரு பொட்டை குனிஞ்சு கொழுந்து பறிச்சுட்டு இருந்துச்சு. கோபேக் கேட்டதும் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்க எடுக்கவே இல்ல, கண்ணாடிய ஏத்திட்டு ரிவர்ஸ் போட்டுட்டாரு.

இப்படிக்கு,
தாராபுரத்து வாசகி ஒருத்தி,
லீட்ஸ்.